நீ சொன்ன பேக்கேஜும் நான் கேட்ட பேக்கேஜும்

அன்புள்ள சரவணா,

போனில் பேசி நாம் குழம்பியது போதும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்த கையோடு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். என் கையெழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு போன் போடாதே. நீ வாங்கப்போகிற அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இந்த மூன்று நாட்களில் உன் கல்யாணத்துக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாளை ஷோரூமுக்குப் பதில் சொல்வதற்குள் முழுவதும் படித்துவிடு.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் ஒரகடத்தில் எங்கள் கம்பெனி வாசலில் நின்றிருந்தேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆட்களை இறக்கிவிட்ட பஸ்ஸும் ஏற்ற வந்த பஸ்ஸும் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேசினேன். நீ எடுத்த எடுப்பில், “அப்பா, பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் ஒண்ணு குடுக்கறாங்க. எடுத்துக்கலாமா வேணாமான்னு திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்” என்றாய். “எல்லாருக்கும் குடுக்கறாங்களா?” என்று கேட்டேன். “இல்லப்பா, வேணும்னு கேக்கறவங்களுக்கு மட்டும்தான். இப்ப விட்டா அப்புறம் கெடைக்காது.” “நீ இன்னா நெனைக்கிற?” “எடுத்துக்கலாம்னுதான் மனசு சொல்லுது. கல்யாண நேரத்துல இது தேவையான்னும் இருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க. நிர்மலாகிட்டயும் நான் எதுவும் சொல்லல. கேட்டா வேற மாதிரி நெனச்சிடுவா.” அதற்குள் என் பஸ் நகர ஆரம்பித்தது. “தைரியமா இருடா, பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். கார் வாங்குகிறவனுக்கு அப்பா எதற்குத் தைரியம் சொல்கிறார் என்று உனக்கும் தோன்றவில்லை பார். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல்தான் பிறந்திருக்கிறாய்.

நீ பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். உனக்கு பேக்கேஜ் என்றால் காருக்குக் கூடுதலாகப் பொருத்துகிற சாமான். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய கம்பெனியை மூடினார்களே, சார்ஜருக்கு மூடி செய்கிற கம்பெனி, அங்கேதான் நான் முதன்முதலில் அதைக் கேட்டேன். லைனை நிறுத்திவிட்டு எங்களை கேண்டீனில் உட்காரவைத்து, இனிப்பும் காரமும் தட்டில் வைத்து, “உங்களுக்கெல்லாம் நல்ல பேக்கேஜ் ஒண்ணு ரெடி பண்ணிகீறோம்” என்று சூப்பர்வைசர் சொன்னார். பெயரைக் கேட்டால் தீபாவளிப் பரிசு மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டவன் மறுநாள் ஒரு தொகையோடு கேட்டுக்கு வெளியே. அதற்கு அப்புறம் இந்த ரோட்டில் யாராவது “அவனுக்கு பேக்கேஜ் குடுத்துட்டாங்க” என்றால், அந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரிதான் விசாரிப்போம். போதாக்குறைக்கு நீ அதற்கு முன்னால் பெர்ஃபார்மன்ஸ் என்று ஒன்றைச் சேர்த்தாய். ஒரு ஆளை அனுப்ப வேண்டுமென்றால் எங்கள் கம்பெனியில் முதலில் சொல்கிற காரணமே, பெர்ஃபார்மன்ஸ் சரியில்லை என்பதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்கு வேலை போகப்போகிறது, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், வாய் விட்டுச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பூசி மெழுகுகிறாய் என்று முடிவே செய்துவிட்டேன்.

போன மாதம் ஒரு சிவப்புக் கார் படத்தை அனுப்பி “எப்படி இருக்கு?” என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. காலேஜ் நாளிலிருந்து வாரம் ஒரு கார் படம் அனுப்புகிறவன் நீ. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அதை புக் செய்துவிட்டுத்தான் கேட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். பழைய கம்பெனி மூடிய அன்றும் நான் அவளிடம் மறைக்கவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் காய் வாங்கிக்கொண்டு நின்றவளிடம் பையைக் கூடக் கீழே வைக்கவிடாமல் அங்கேயே சொன்னேன். “சரி, வாங்க டீ சாப்டலாம்” என்றாள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தோம். அந்த டீ உள்ளே போன பிறகுதான் எனக்கு வீட்டுக்கு நடந்து போகக் காலில் தெம்பு வந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் சொன்னேன். அவள், “வேலை இல்லன்னா வூட்டுக்கு வரட்டும், இன்னா இப்போ?” என்று எழுந்துபோய் உன் ரூமைக் கூட்ட ஆரம்பித்தாள். ஃபேனைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்கள் ஹெச்.ஆர். மேடத்திடம் உனக்கு ஒரு வேலை கேட்டு வைத்தேன். பயோடேட்டா அனுப்பச் சொல்லியிருக்கிறார். சிரிக்காதே, நல்ல மனுஷி.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது. அன்று சாயங்காலம் அம்மா, “சம்பந்தி வூட்டுக்குச் சொல்லிடணும். மறைச்சிகினு தாலி கட்டக் கூடாது” என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீயே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறாய், உன் வாயைக் கிண்ட வேண்டாம் என்று நினைத்தேன். இருவரும் வாலாஜாபாத் போனோம். நிர்மலாவின் அப்பா நெல் மூட்டைகளை ஏற்றி அனுப்பிவிட்டு அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். காபி வந்தது. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “பையனுக்கு வேலை போற மாதிரி கீது சம்பந்தி” என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் டவலால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “நீங்க வந்து சொன்னதே பெரிய விசயம். ஆனா பாருங்க, மூர்த்தத்தை கொஞ்சம் தள்ளி வெச்சிக்கலாமே. பையன் வேற எடத்துல சேந்துட்டான்னா நமக்கும் நிம்மதி. தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். எப்படித் தப்பாக எடுத்துக்கொள்ள முடியும்? பெண்ணைப் பெற்றவர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் உன் கல்யாணத்தைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நிர்மலா அப்போது வேலையிலிருந்து வந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் எனக்கு போன் செய்தாள். இதுவரை அம்மாவிடம்தான் பேசியிருக்கிறாள், என்னிடம் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “மாமா, அப்பா ஏதோ தள்ளி வெக்கலாம்னாராம். அதெல்லாம் வேணாம். தையிலயே நடக்கட்டும். அவரு வேலை போறது பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு கூச்சமா இருக்கும். நீங்களும் கேக்காதீங்க, நானும் கேக்க மாட்டேன். அவரா சொல்றப்ப சொல்லட்டும். எனக்கு வேலை கீதுல்ல மாமா, பாத்துக்கலாம்.” “சரிம்மா” என்று மட்டும் சொன்னேன். சரவணா, நானும் உன் அம்மாவும் எத்தனையோ ஜாதகம் பார்த்தோம், எத்தனையோ வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டோம். எங்கள் சாமர்த்தியத்தில் இந்தப் பெண் கிடைக்கவில்லை, உன் அதிர்ஷ்டத்தில் கிடைத்திருக்கிறாள் என்று அந்த நிமிடம் தெரிந்தது.

அன்று மதியம்தான் உன் வீடியோ வந்தது. ஹெல்மெட் போட்ட ஒருவன் வளைந்து வளைந்து போகிற பாதையில் சிவப்புக் காரை விரட்டுகிறான். கீழே, “இதுதான்பா அந்த பேக்கேஜ், பாத்துட்டு சொல்லுங்க” என்று நீ எழுதியிருந்தாய். வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிவிட்டாய் என்று நினைத்தேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். “இன்னாங்க இது, காரைக் காட்டறான்?” என்றாள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிள்ளைக்கு வேலை போகவில்லை என்று தெரிந்தால் எந்த அப்பனும் அழுவான். அழுது முடித்ததும் உன் மேல் வந்த கோபத்தில் போனை வீசியிருப்பேன், அது நீ வாங்கிக் கொடுத்த போன் என்பதால் விட்டுவிட்டேன். “யோசிச்சி சொல்றேன்” என்று மட்டும் உனக்கு அனுப்பினேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவை நான் பொறுமையாகப் பார்த்துவிட்டேன். பேக்கேஜ் எடுத்தால் வண்டி இன்னும் தரையோடு தாழ்ந்து இருக்கும், ஸ்பிரிங் இன்னும் இறுக்கமாக இருக்கும், பிரேக் பெரிது, டயர் ரோட்டை ஒட்டிப் பிடிக்கிற மாதிரி வேறு டயர், சத்தமும் கூட. காரை நீ வாங்கு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சின்ன வயதில் கார் கம்பெனியிலிருந்து புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு லாரி போகும்போதெல்லாம் ரோட்டோரம் நின்று வாயைப் பிளந்தவன், உழைத்துச் சம்பாதித்து ஒன்று வாங்குகிறாய். வாங்காதே என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இந்த பேக்கேஜ் அந்த ஹெல்மெட்காரன் ஓட்டுகிற மாதிரியான பாதைக்காகச் செய்தது. நீ ஓட்டப்போவது பெங்களூருக்கும் நம் ஊர் பென்னலூருக்கும் நடுவில். பாலம் கட்டுகிறேன் என்று ரோட்டைத் திருப்பிவிட்டிருக்கிற இடத்தில் நீயும் நிற்கப்போகிறாய், முன்னால் போகிற கன்டெய்னரும் நிற்கப்போகிறது. நம் தெரு முனையில் நாம் எல்லாரும் சேர்ந்து போட்ட வேகத்தடையை இப்போதே வாடகைக் கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஏறுகிறார்கள். தாழ்ந்த வண்டி அதில் வயிறு தட்டி நிற்கும். இப்போது விட்டால் கிடைக்காது என்று உன்னை அவசரப்படுத்துகிறார்களே, கேண்டீனில் எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்ட எதையும் நான் இரண்டு முறை பார்க்காமல் வாங்குவதில்லை. வருஷத்துக்கு நாலு தடவையாவது நிஜமான ரேஸ் பாதையில் கொண்டுபோய் ஓட்டப்போகிறாய் என்றால் எடுத்துக்கொள், அப்போது அது வீண் இல்லை. இல்லையென்றால் வேண்டாம். இதுதான் என் பதில்.

ஆனால் என் பதிலில் பாதிக்குத்தான் மதிப்பு. ஏன் என்று சொல்கிறேன். ஒரகடத்தில் வேலை கிடைத்த புதிதில் நான் ஒரு மொபெட் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? பட்டனை அழுத்தினால் கிளம்புகிற மாடலும் இருந்தது, காலால் உதைக்கிற மாடலும் இருந்தது. எனக்குக் கால் இருக்கிறது, பட்டன் எதற்கு என்று உதைக்கிற மாடலை எடுத்துவந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. உன் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டு ஆசையாக மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போக ஆரம்பித்தாள். புடவையோடு ரோட்டில் நின்று உதைத்து உதைத்து, வண்டி கிளம்பாமல், போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்லி, கடைசியில் ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டாள். இன்றுவரை அவள் வண்டி தொடவில்லை. அந்தக் கடையில் நான் எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன், அவளைக் கேட்கத் தோன்றவே இல்லை. உன் காரில் இருப்பதே இரண்டு சீட்.

இப்போது நான் எழுதத் தயங்கிக்கொண்டிருக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். நேற்று சாயங்காலம் மறுபடியும் வாலாஜாபாத் போனேன். நான் கிளப்பிவிட்ட புரளியை நான்தானே அடக்க வேண்டும். சம்பந்தி கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “நல்லா கீது போங்க. நேத்துலருந்து எனக்கு சோறு எறங்கல” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “காரா? எத்தினி பேரு உக்காரலாம்?” என்றார். இரண்டு பேர் என்றேன். “அவ்ளோதானா?” என்று இன்னும் சிரித்தார். மூர்த்தத்தைத் தள்ளிவைக்கிற பேச்சையும் அவரே விட்டுவிட்டார். நிர்மலா அந்த வீடியோவை என் போனில் வாங்கிப் பார்த்தாள். அவள் பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறாள் அல்லவா, “பிரேக் நல்ல பிரேக் மாமா. டயர்தான் மழைல ஜாக்கிரதையா இருக்கணும்” என்று இயல்பாகத்தான் சொன்னாள். நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுந்தேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். நடந்துகொண்டே, “இதை புக் பண்ணி எத்தினி நாளாச்சி மாமா?” என்று கேட்டாள். நீ படம் அனுப்பிய கணக்கில் ஒரு மாதம் இருக்கும் என்றேன். “தெனம் பேசறோம்” என்றாள். நான் ஏதோ, சர்ப்ரைஸாகச் சொல்லலாம் என்று இருந்திருப்பான் என்று உளறினேன். கேட்டால் வேறு மாதிரி நினைத்துவிடுவாள் என்று நீ போனில் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. “வேலை போச்சின்னு நெனச்சப்ப, எங்கிட்ட சொல்லலயேன்னு எனக்கு வருத்தமே இல்ல மாமா. கஷ்டத்தை யாரும் சட்டுனு சொல்லிட மாட்டாங்க. இது சந்தோசமான விசயம். இதைக் கூட எங்கிட்ட சொல்லத் தோணலன்னா, நான் இன்னா, வேணாம்னா தடுத்துடவா போறேன்? நான் யாரு அவருக்கு?” பஸ் வந்தது. நான் ஏறும்போது, “அப்பா தேதியை அப்டியே வெச்சிக்கலாம்னாரு. நான் கொஞ்சம் யோசிக்கணும் மாமா. அவர்கிட்ட நீங்க எதுவும் சொல்லிக்காதீங்க” என்றாள்.

சொல்லாதே என்று நீ சொன்னதையும் சொன்னேன், அவள் சொன்னதையும் சொல்லிவிட்டேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. இந்தத் தடவை அதற்காக நான் வருத்தப்படவில்லை. வேலையில்லாத உன்னைக் கட்டிக்கொள்ள அந்தப் பெண் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கார் வாங்குகிற உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் யோசிக்கிறாள்.

அம்மா பக்கத்தில் வந்து நின்று எவ்வளவு நேரம் எழுதுவீர்கள் என்று கேட்கிறாள். படம் எடுக்க வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். ஷோரூமுக்கு நாளை சொல்லிக்கொள்ளலாம், அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். நிர்மலாவுக்கு இன்று வார விடுமுறை. வீட்டில்தான் இருப்பாள்.

உன் அப்பா